கத்ரி ஹாலின் ஆய்வு ஆர்வங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் மின்னஞ்சல்கள் கூடிவிடும். எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க விரும்பும் இளையவர்கள், டிசம்பர் தொடக்கத்துக்குள் அனுப்பியாக வேண்டிய நோக்கக் கடிதத்தைப் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்பார்கள். நான் அங்கே படித்தவள் அல்ல. விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல், மதுரையிலேயே ஒரு மருத்துவமனையில் உளவியலாளராகத் தங்கிவிட்டவள். வழி தவறியவருக்குத்தான் எந்தத் திருப்பத்தில் தவறினோம் என்பது நன்றாக நினைவிருக்கும் என்று நினைத்துக் கேட்கிறார்களோ என்னவோ, நானும் படித்துச் சொல்லி வருகிறேன்.

இந்த ஆண்டு பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண் அனுப்பிய கடிதத்தில், தனக்கு மனச்சோர்வு, பதற்றம், போதை, தற்கொலைத் தடுப்பு, குடும்ப உறவுகள் ஆகியவற்றில் ஆர்வம் உண்டு என்று எழுதியிருந்தாள். ஒரு துறையின் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயரின் கீழும் இருந்த ஆய்வு ஆர்வத்தை எடுத்துக் கோத்த வரி அது. அவளைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு பேராசிரியருக்கு அப்படித்தான் எழுதினேன். எந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறீர்கள் என்று அவர் இரண்டே வரியில் மரியாதையாகக் கேட்டிருந்தார். என்னிடம் தலைப்புகள் இருந்தன, கேள்வி இருக்கவில்லை. அவளுக்கு நான் எழுதிய பதில் நீண்டுகொண்டே போனதால், அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நம் ஊரில் மருத்துவ உளவியல் படிக்கப் போகிறவர் நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணலுக்குப் போய், சேர்ந்த பிறகுதான் வழிகாட்டி யார் என்று அறிகிறார். அங்கே முறை தலைகீழ். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர் ஒரு துறைக்கு விண்ணப்பிப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு மனிதருக்கே விண்ணப்பிக்கிறார். அந்தப் பேராசிரியர் தம் ஆய்வகத்துக்கு இந்த ஆண்டு ஒருவரையோ இருவரையோ எடுப்பார், அல்லது யாரையும் எடுக்கமாட்டார். இதற்கு வேர் 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இரண்டு வாரம் நடந்த மாநாட்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து மனம் நொந்து திரும்பிய வீரர்களைக் கவனிக்க உளவியலாளர்கள் பெருமளவில் தேவைப்பட்ட காலம் அது. மருத்துவ உளவியலாளர் என்பவர் சிகிச்சை அளிப்பவராகவும் ஆய்வாளராகவும் ஒருங்கே பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்று அந்த மாநாடு முடிவு செய்தது. அதன் விளைவாகவே ஆசிரியர் பெயருக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றை வரி இன்று இவ்வளவு கனமுள்ளதாகிவிட்டது: அந்த வரிதான் அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் நீங்கள் யாரைச் சந்திப்பீர்கள், எதை எண்ணுவீர்கள், எதைப் பற்றிக் கவலைப்படுவீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்படியொரு பட்டியலை எப்படிப் படிப்பது என்று காட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்டது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். அதன் உளவியல் துறை இயங்கும் கட்டடத்துக்குக் கத்ரி ஹால் என்று பெயர். 1970கள் தொடங்கி அந்தத் துறையில் பணியாற்றிய சிலருடைய ஆய்வுக் கட்டுரைகளை, இடம் கிடைக்காத ஏமாற்றத்துடன், பின்னோக்கிப் படித்துக்கொண்டே போன காலம் எனக்கு உண்டு. அவர்களுள் சிலர் மறைந்துவிட்டார்கள், சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இன்றைய பட்டியலைவிட அன்றைய பட்டியல்தான் பாடத்துக்கு ஏற்றது. ஒவ்வொருவருடைய ஆர்வமும் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது நமக்குத் தெரியும்.

கட்டடத்துக்குப் பெயர் தந்த எட்வின் கத்ரி சிகிச்சையாளர் அல்லர். கற்றல் எப்படி நிகழ்கிறது என்று ஆராய்ந்த பழைய தலைமுறை நடத்தையியலாளர், அதாவது கண்ணுக்குத் தெரியும் நடத்தையையும் பழக்கத்தையும் கொண்டே மனிதரைப் புரிந்துகொள்ள முயன்றவர். அவர் சொல்லும் ஒரு சம்பவம் உளவியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியையும் கோட்டையும் தரையில் வீசுவாள். தாய் திட்டித் திட்டி எடுத்து மாட்ட வைப்பாள். மறுநாளும் அதே கதை. வீசியதை எடுத்து மாட்டச் சொல்வதில் பயனில்லை, மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், கதவைத் திறந்து உள்ளே வந்து, நேராகக் கொக்கியில் மாட்டச் சொல்ல வேண்டும் என்று தாய்க்கு அறிவுரை கிடைத்தது. பழக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது கதவைத் திறந்து நுழையும் அந்தக் கணத்தில். அந்தக் கணத்திலேயே வேறொன்றைச் செய்து பழக வேண்டும். இந்தச் சின்னக் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972இல் அந்தத் துறைக்கு வந்த ஆலன் மார்லாட்டின் ஆய்வு ஆர்வம் ஒரே சொல்லில் அடங்கும்: குடி. ஆனால் அவருடைய கேள்வி அந்தச் சொல்லில் இல்லை. குடிநோயாளி ஒரு மிடறு குடித்துவிட்டால் அவரால் நிறுத்தவே முடியாது, அவர் உடல் அப்படி அமைந்தது என்பது அன்று பலரும் ஐயமின்றி நம்பிய கருத்து. நிறுத்த முடியாமல் செய்வது சாராயமா, சாராயம் குடித்துவிட்டோம் என்ற எண்ணமா என்று மார்லாட் கேட்டார். 1973இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனையில், குடிநோயாளிகளும் சாதாரணமாகக் குடிப்பவர்களும் பானங்களைச் சுவைத்து மதிப்பிடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சிலருக்கு வோட்கா கலந்த டானிக் நீர், சிலருக்கு வெறும் டானிக் நீர். வோட்கா என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுள் பாதிப் பேருக்குக் கிடைத்தது வெறும் டானிக். டானிக் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுள் பாதிப் பேருக்குக் கிடைத்தது வோட்கா. டானிக்கின் கசப்பில் வோட்காவின் சுவை மறைந்துவிடும். யார் அதிகம் குடித்தார்கள்? வோட்கா குடிக்கிறோம் என்று நம்பியவர்கள். கோப்பைக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

இந்தச் சோதனையின் வடிவம் எவ்வளவு நேர்த்தியானது என்பதை நம் வகுப்புகளில் போதிய அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் மனக்குறை. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று இரண்டையும் பிரித்துவிட்டால், நம்பிக்கையின் பங்கையும் பொருளின் பங்கையும் தனித்தனியே எடை போட முடிகிறது. பிறகு மார்லாட் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மங்கிய வெளிச்சமும் மதுக்கூட மேசையும் கொண்ட ஓர் ஆய்வகத்தை அமைத்தார். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஆய்வாளர்கள் அமர்ந்து கவனிப்பார்கள். குடிப்பவர் எங்கே குடிக்கிறாரோ அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில், கத்ரியின் கதவுக் கதை எனக்குக் கேட்கிறது.

அடுத்து அவர் கேட்டது: குடியை விட்டவர்கள் மறுபடி தொடங்குவது எந்தக் கணத்தில்? குடி, புகை, ஹெராயின், சூதாட்டம், மிகையுணவு ஆகியவற்றிலிருந்து விடுபட்டு மீண்டும் விழுந்தவர்களின் 311 நிகழ்வுகளை அவருடைய குழு வகைப்படுத்தி 1980இல் வெளியிட்டது. 35 விழுக்காடு நிகழ்வுகளுக்கு முன்னால் கோபமோ சலிப்போ துயரமோ இருந்தது. 16 விழுக்காட்டில் யாருடனாவது சச்சரவு. 20 விழுக்காட்டில் கூட இருந்தவர்களின் வற்புறுத்தல். பொருள் எதுவானாலும் விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, விழுந்த பிறகு நடப்பதைப் பற்றி அவர் சொன்னது. பல மாதம் தொடாமல் இருந்த ஒருவர் ஒரு கோப்பை குடித்துவிட்டால், 'எல்லாம் போயிற்று, நான் இவ்வளவுதான்' என்று தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டு மீதிப் பாட்டிலையும் குடித்து முடிக்கிறார். சறுக்கலை வீழ்ச்சியாக்குவது அந்த முடிவுரைதான் என்றார் மார்லாட். நனைந்த பின் முக்காடு எதற்கு என்று நாம் சொல்வதில்லையா, அதேதான். என்னிடம் வருகிறவர்களுக்கு இந்தக் கருத்தை விளக்க அந்தப் பழமொழியைத் தவிர வேறொன்றும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

சறுக்கியவரை வெளியே தள்ளாதே என்ற இடத்துக்கு ஒருவர் வந்துவிட்டால், குடியை விட்டால்தான் உதவி என்ற நிபந்தனையையும் அவர் கேள்வி கேட்டாக வேண்டும். தீங்கு குறைப்பு என்று அறியப்படும் அணுகுமுறைக்காக மார்லாட் வாதாடியதும், அதற்காகக் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்ததும் அப்படித்தான். சியாட்டிலில் 1811 ஈஸ்ட்லேக் என்ற முகவரியில் 75 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு ஒன்று உண்டு. நெடுங்காலம் தெருவில் வாழ்ந்த, குடியால் மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. தங்கள் அறையில் குடிக்க அவர்களுக்குத் தடையில்லை. குடிகாரனுக்கு வீடா என்று ஊர் கொதித்தது. அங்கே குடியேறிய 95 பேரையும், இடத்துக்காகக் காத்திருந்த 39 பேரையும் ஒப்பிட்டு, மேரி லாரிமரும் மார்லாட்டும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, குடியேறியவர்களுக்காக மருத்துவமனையும் சிறையும் பிற பொதுச் சேவைகளும் செய்த செலவு ஆளுக்கு மாதம் 4,066 டாலரிலிருந்து ஓராண்டில் 958 டாலராகக் குறைந்ததைக் காட்டியது. நிறுத்தச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாதபோதும் நாளொன்றுக்கு அவர்கள் குடித்த அளவும் குறைந்தது.

மார்லாட்டின் வரியில் பிற்காலத்தில் சேர்ந்த இன்னொரு சொல் தியானம். சியாட்டிலுக்கு அருகிலிருந்த ஒரு சிறைச்சாலையில் பத்து நாள் விபாசனா வகுப்புகள் நடத்தப்பட்டன. பர்மாவில் பிறந்து இந்தியாவில் விபாசனாவைப் பரப்பிய எஸ். என். கோயங்காவின் முறை அது. அதற்கு முன்பே 1994இல் டெல்லி திகார் சிறையில், கிரண் பேடி பொறுப்பில் இருந்த காலத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் அந்தப் பயிற்சியில் அமர்ந்திருந்தார்கள். சியாட்டில் சிறையில் பயிற்சி பெற்றவர்கள், விடுதலையாகி மூன்று மாதத்துக்குப் பிறகும் மதுவையும் போதைப்பொருளையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே பயன்படுத்தியதாகச் சாரா போவனும் மார்லாட்டும் 2006இல் எழுதினார்கள். ஆசை எழும்போது அதனோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். அலையேறுகிறவன் அலைமேல் நிற்பதுபோல நின்றால் அது தானே உயர்ந்து தானே அடங்கும் என்று மார்லாட் முன்பே சொல்லி வந்தார். இரண்டும் சேர்ந்து ஒரு சிகிச்சை முறையாயிற்று. 286 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளிவந்தபோது மார்லாட் உயிருடன் இல்லை. 2011 மார்ச்சில் மறைந்துவிட்டார். ஓராண்டு முடிவில் தியானம் சேர்ந்த முறை, விழும் இடங்களை முன்கூட்டியே அறிந்து சமாளிக்கப் பழக்கும் அவருடைய பழைய முறையைவிட மேலாக இருந்தது. மறைந்த ஆசானின் முந்தைய கருவியைவிடப் பிந்தைய கருவி நல்லது என்பதை அவருடைய மாணவர்களே எண்ணிக் காட்டினார்கள்.

மார்ஷா லினஹன் 1977இல் அங்கே வந்தார். அவருடைய ஆர்வம் தற்கொலை நடத்தையும், உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் போகும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறும். அன்று சிகிச்சையாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிப்போன நோயாளிகள் இவர்கள். லினஹன் முதலில் வழக்கமான நடத்தைச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் இதை மாற்ற வேண்டும், அதை மாற்ற வேண்டும் என்று சொல்லச் சொல்ல, எல்லாம் என் தப்பு என்கிறீர்களா என்று அவர்கள் கொதித்தார்கள் அல்லது வராமலேயே போனார்கள். சரி, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், அப்படியானால் என் நரகத்தில் நான் இப்படியே கிடக்க வேண்டியதுதானா என்று கேட்டார்கள். ஏற்பும் மாற்றமும் ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு. இரண்டையும் ஒரே அமர்வில், சில சமயம் ஒரே வாக்கியத்தில், பிடித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். முரண்களை இணைப்பது என்ற பொருளில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர் வைத்தார். டி.பி.டி. என்ற சுருக்கப் பெயரில் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் பயிற்சி வகுப்புகள் நடப்பது இதற்குத்தான்.

வாரம் ஒரு முறை தனி அமர்வு. வாரம் ஒரு முறை, வகுப்பறைபோல, திறன்களைக் கற்பிக்கும் குழு அமர்வு. நெருக்கடியான நேரத்தில் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் வசதி. அத்துடன் சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் கூட்டம். கடைசியாகச் சொன்னதை நம் ஊரில் முதலில் வெட்டிவிடுகிறார்கள், அதற்கு யாரும் கட்டணம் தருவதில்லை என்பதால். 1991இல் வெளிவந்த முதல் ஆய்வில், ஓராண்டுச் சிகிச்சை பெற்ற பெண்களிடையே தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன, சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் குறைவு. அதே ஆய்வில் மனச்சோர்வும் நம்பிக்கையிழப்பும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறையவில்லை. இதை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். உயிர் நிற்க வேண்டும், பிறகுதான் மனம் தேற வேண்டும் என்ற அவருடைய வரிசைமுறைக்கும் இதற்கும் முரண் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு எழுந்த மறுப்பு நியாயமானது: எந்தச் சிகிச்சையாளரும் அக்கறையோடு கவனித்தால் இவ்வளவு பலன் வந்திருக்குமே? அதற்காக 2006இல் 101 பெண்களைக் கொண்டு, அந்த ஊரில் இத்தகைய நோயாளிகளைக் கையாள்வதில் வல்லவர்கள் என்று பெயர் பெற்ற சிகிச்சையாளர்களுடன் தம் முறையை ஒப்பிட்டார். தற்கொலை முயற்சி ஏறக்குறைய பாதியாக இருந்தது. 2015இல் 99 பெண்களிடம், தம் சிகிச்சையையே கூறுபோட்டு, திறன் வகுப்பு மட்டும், தனி அமர்வு மட்டும், இரண்டும் சேர்ந்தது என்று பிரித்துச் சோதித்தார். தாம் பெற்ற பிள்ளையைத் தாமே எடை போட்டுப் பார்ப்பது எல்லாருக்கும் வருவதில்லை.

2011 ஜூனில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள ஒரு மனநல மருத்துவமனைக்கு லினஹன் சென்று, 17 வயதில் தாம் அங்கே நோயாளியாக இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் இருந்ததை அனைவர் முன்னிலையிலும் சொன்னார். அன்று அவருக்கு 68 வயது. அத்தனை ஆண்டுகள் அவருடைய ஆய்வு ஆர்வமாக அச்சிடப்பட்டிருந்த வரியில் இதன் சாயல்கூட இருந்ததில்லை. பாளையங்கோட்டைப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே கேட்டாள்: "அப்போ நானும் என் கதையை எழுதலாமா, அக்கா?" வேண்டாம் என்றேன், சொல்லும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. உளவியல் துறைகளின் சேர்க்கைப் பொறுப்பாளர்களைக் கேட்டு 2006இல் வெளியான ஒரு கட்டுரை, விண்ணப்பத்தைக் கெடுக்கும் பிழைகளுள் ஒன்றாகத் தன் மனநலச் சிக்கலை அளவுக்கு மீறி விவரிப்பதைக் குறிப்பிடுகிறது. மனநோய்க்குக் களங்கம் கற்பிக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்லும் துறை, தன் வாசலில் மட்டும் இப்படி நடந்துகொள்கிறது. இந்த முரணை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அதன் விலையை ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண் கொடுக்க வேண்டாம் என்பதற்காக அப்படிச் சொன்னேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் நீல் ஜேக்கப்சன். இவர் பட்டியலில் இருந்த ஆர்வங்கள் தம்பதியர் சிகிச்சை, மனச்சோர்வு, குடும்ப வன்முறை. மூன்றுக்கும் அடியில் ஓடியது ஒரே பிடிவாதம்: குணமாயிற்று என்கிறீர்களே, உண்மையாகவா? தாமே முன்னின்று உருவாக்கிய தம்பதியர் சிகிச்சையின் தரவுகளைத் திரும்ப எடுத்துக் கணக்கிட்டு, ஏறத்தாழ பாதித் தம்பதியரே முன்னேறினர் என்றும், மூன்றில் ஒரு பங்கினரே மகிழ்ச்சியான தம்பதியரின் நிலையை எட்டினர் என்றும் 1984இல் எழுதினார். புள்ளியியல்படி இரண்டு குழுக்களுக்கிடையே வேறுபாடு இருக்கலாம். அதனால் ஒரு நோயாளி நலமடைந்துவிட்டார் என்று ஆகாது. இந்த இடைவெளியை அளக்க அவரும் பவுலா ட்ரூவாக்ஸும் 1991இல் தந்த வாய்பாட்டை எங்கள் மருத்துவமனையிலேயே பயன்படுத்துகிறோம். அதைப் போட்டுப் பார்த்த முதல் ஆண்டு, நான் 'நன்றாகத் தேறினார்' என்று எழுதியிருந்த கோப்புகளுள் பல அந்தத் தகுதியைப் பெறவில்லை. அன்று சாயங்காலம் நான் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

மனச்சோர்வில் அவர் செய்தது இதைவிடத் துணிச்சல். எண்ணங்களைத் திருத்தினால் மனச்சோர்வு நீங்கும் என்பது ஏரன் பெக்கின் அறிவுச் சிகிச்சை. அந்தச் சிகிச்சையில் உண்மையில் மூன்று அடுக்குகள் உண்டு: செயல்களை மீட்டெடுப்பது, அன்றாட எண்ணங்களைத் திருத்துவது, அடியாழத்து நம்பிக்கைகளை மாற்றுவது. ஜேக்கப்சன் 150 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் செயல் மீட்பு மட்டும், அடுத்ததற்கு எண்ணத் திருத்தமும் சேர்த்து, மூன்றாவதற்கு முழுச் சிகிச்சை. சிகிச்சை அளித்தவர்கள் அறிவுச் சிகிச்சையில் நம்பிக்கை கொண்ட அனுபவசாலிகள். சாய்வு ஏதும் இருந்தால் அது முழுச் சிகிச்சைக்குச் சாதகமாகவே இருந்திருக்கும். 1996இல் வெளியான முடிவு: முழுச் சிகிச்சை மற்ற இரண்டையும்விட மேலானது என்பதற்குச் சான்றில்லை. படுக்கையை விட்டு எழுந்து, கைவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாகக் கையில் எடுப்பதே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆய்வு இன்னும் பெரியது. 241 பேர்; செயல்தூண்டல் என்று அறியப்பட்ட அந்த முறையை அறிவுச் சிகிச்சையுடனும் மருந்துடனும் நேருக்கு நேர் நிறுத்துவது. அது நடந்துகொண்டிருந்தபோது, 1999 ஜூனில், மாரடைப்பில் ஜேக்கப்சன் இறந்துவிட்டார், வயது 50. மாணவர்களும் உடன் பணியாற்றியவர்களும் முடித்தார்கள். 2006இல், சோனா டிமிட்ஜியன் முதல் ஆசிரியராக, கட்டுரை வெளிவந்தது: கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் செயல்தூண்டல் மருந்துக்கு இணையாகவும் அறிவுச் சிகிச்சையைவிட மேலாகவும் இருந்தது.

கதை அதோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். எண்ணங்களை நுணுக்கமாக ஆராயப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். நாளைக் காலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று திட்டமிட உதவ அவ்வளவு வேண்டியதில்லை. கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு நிறுவனமும், டிமிட்ஜியனின் பங்கேற்புடன், உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இந்த முறையை அளித்தார்கள். 495 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாத முடிவில் சிகிச்சை பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினரும், சற்றே மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் 39 விழுக்காட்டினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். சியாட்டிலில் பெக்கின் சிகிச்சையைக் கூறுபோட்டுப் பார்த்த ஒருவரின் பிடிவாதம், கோவாவின் சுகாதார நிலைய வராந்தாவரை வந்து சேர்ந்த வழி இது. இந்த ஊரில் வேலை செய்கிற எனக்கு, கற்பிக்க எளிது என்ற அந்த ஒரு குணம், கோட்பாட்டு நேர்த்தியைவிடப் பெரிதாகப் படுகிறது.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிட வேண்டாம். ஜேக்கப்சனும், தம்பதியர் பேசும்போது இதயத்துடிப்பை அளப்பதற்குப் பெயர் பெற்ற ஜான் காட்மனும் சேர்ந்து, மனைவியை அடிக்கும் ஆண்களை ஆராய்ந்தார்கள். சச்சரவின்போது சிலருக்கு இதயத்துடிப்பு ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிறது, அவர்களே மிகக் கொடியவர்கள் என்று 1995இல் எழுதினார்கள். கேட்டதும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் செய்தி, பத்திரிகைகளும் விடவில்லை. 2001இல் வேறொரு குழு செய்துபார்த்தபோது அந்தப் பிரிவினை மறுபடி கிடைக்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் செய்திகளைக் கண்டால் எனக்கு இப்போதும் ஒரு தயக்கம் வருவதற்கு இதுவே காரணம்.

இவர்களுடைய வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் குடி, தற்கொலை, மனச்சோர்வு, திருமணம் என்று நான்கு தனித்தனித் தலைப்புகள்தான் தெரியும். கட்டுரைகளைப் படித்தால், 1990களில் ஏற்பு என்ற ஒரே சொல் ஒவ்வொரு அறையிலிருந்தும் கேட்கிறது. நோயாளியை இருக்கிறபடி ஏற்றுக்கொண்டு மாற்றத்தைக் கேட்டார் லினஹன். தம்பதியர் சிகிச்சையில் பாதிப் பேர் தேறாததைக் கண்ட ஜேக்கப்சன், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனுடன் சேர்ந்து, துணையின் சில குணங்களை மாற்ற முயலாமல் ஏற்கப் பழக்கும் முறையை உருவாக்கினார். ஆசையை விரட்டாமல் அதன்மேல் நிற்கச் சொன்னார் மார்லாட். அதே துறையின் ராபர்ட் கோலன்பெர்க், மேவிஸ் சாயுடன் 1991இல் எழுதிய முறையில், நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே அந்த அறையில் அந்த நொடியில் நடப்பதே சிகிச்சையின் களமாயிற்று. நால்வரும் நடத்தையியலில் ஊறியவர்கள். பழக்கத்தை மாற்றுவதே தொழில் என்று வந்தவர்கள். மாற்று மாற்று என்று நெருக்குவதன் எல்லையை ஒவ்வொருவரும் வேறு வேறு நோயாளிகளிடம் முட்டிப் பார்த்துக் கண்டுகொண்டார்கள். ஆசிரியர் பட்டியல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதைச் சொல்லாது, ஏனென்றால் அது அகர வரிசையில் இருக்கிறது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது மிக எளிய வேலை. ஐந்து பெயர்களை எடுத்துக்கொள், ஒவ்வொருவருடைய மிகப் பழைய கட்டுரையையும் மிகப் புதிய கட்டுரையையும் படி, இரண்டுக்கும் இடையில் அவர் எதைக் கைவிட்டார், எதை விடாமல் பிடித்திருக்கிறார் என்று ஒரு பக்கம் எழுது. ஆறேழு ஆர்வங்களை அடுக்கியிருப்பவரைவிட, இரண்டு சொல் மட்டும் எழுதியிருப்பவரிடம் முதலில் போ. தம் முடிவு தமக்கே எதிராக வந்த ஒரு கட்டுரையையாவது வெளியிட்டிருக்கிறாரா என்று பார். பிறகு உன் கேள்வியை எழுது.

மூன்று வாரம் கழித்துப் புதிய கடிதம் வந்தது. அவள் பாளையங்கோட்டையில் ஒரு மனநல முகாமில் தன்னார்வலராக இருந்தபோது, மருந்து வாங்க வருபவர்களுள் பலர் மூன்றாவது மாதம் வராமல் போவதையும், நான்காவது மாதம் கூச்சத்தோடு திரும்பி வருவதையும் கவனித்திருக்கிறாள். ஐந்து தலைப்புகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே வாக்கியம் இருந்தது: திரும்பி வருகிறவர்களுக்கும் வராமலேயே போகிறவர்களுக்கும் இடையே, அந்த மூன்றாம் மாதத்தில் என்ன நடக்கிறது? ஓர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டேன்.